மேட்டூரில் ஆரம்பியுங்கள்: சேலத்துக்காரர்களுக்கான பொது அறிவு வழிகாட்டி

ஆடி 18-க்கு வருஷம் தவறாமல் மேட்டூர் போகிறவள் நான். ஆனாலும் டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படித்த முதல் வருஷம், ஒரு மாதிரித் தேர்வில் மேட்டூர் அணை கட்டி முடித்த ஆண்டு 1924 என்று விடைத்தாள் வட்டத்தை ஷேட் பண்ணிவிட்டு வந்தேன். சரியான விடை 1934. அதைவிட எரிச்சல், 1924 என்ற எண் எனக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. எங்கோ படித்திருக்கிறேன், எதற்கென்று மறந்துவிட்டது.

பொது அறிவில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இப்படித்தான். படிக்காமல் போவது குறைவு. படித்தது ஒட்டாமல் போவதுதான் அதிகம். ஒன்-லைனர் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு முப்பது வரி இருக்கும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உறவே இருக்காது. மூன்று மாதம் கழித்து ஆண்டுகள் மட்டும் மனசில் மிதக்கும், சம்பவங்கள் கழன்றிருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாபேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் நாலைந்து பேர் படிக்க வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் பார்த்த இடத்தில், தொட்ட பொருளில் தகவலைக் கட்டிவையுங்கள். சேலத்துக்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம் அதிகம். நம் மாவட்டத்தைச் சுற்றியே பாதி பாடத்திட்டம் கிடக்கிறது.

படி 1: எதற்குப் படிக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது

குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். குரூப் 1 முதல்நிலைத் தேர்வில் கதை வேறு: 175 பொது அறிவு, 25 திறனறிவு. ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் ஒரே மாதிரி படிக்க முடியாது.

டிஎன்பிஎஸ்சி கொள்குறித் தேர்வில் தப்பான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் இல்லை. ரயில்வே தேர்வில் ஒரு தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி முதல் கட்டத் தேர்வில் ஒரு தப்புக்கு அரை மதிப்பெண் போகும். மூன்றையும் சேர்த்து எழுதுகிறவர்கள் இதை அறைச் சுவரிலேயே எழுதி ஒட்டுங்கள். நம்மூர்ப் பழக்கத்தில் ரயில்வே தாளில் எல்லாவற்றையும் க்ளிக் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் பழைய வினாத்தாள்கள். படிக்க ஆரம்பிக்கும் முன்பே ஐந்து தாளைப் புரட்டுங்கள். விடை எழுத வேண்டாம், கேள்வி எப்படிக் கேட்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பொருத்துக, கூற்று–காரணம், "பின்வருவனவற்றுள் தவறானது எது", கால வரிசைப்படுத்து. நேரடியாக "யார், எப்போது" என்று கேட்பது குறைந்துகொண்டே வருவது உங்களுக்கே தெரியும்.

படி 2: புத்தகம்

ஆறு முதல் பத்து வரை சமச்சீர் (தமிழ்நாடு அரசுப் பள்ளிப் பாடத்திட்டம்) அறிவியல், சமூக அறிவியல். பதினொன்று, பன்னிரண்டில் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல், புவியியல். அவ்வளவுதான். 2018 முதல் 2020 வரை வந்த புதிய பாடத்திட்டப் புத்தகமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பழையதும் பழைய புத்தகக் கடைகளில் கிடக்கிறது. காசு செலவழிக்க வழியில்லை என்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தை விசாரியுங்கள், பயிற்சி இலவசம்.

நோட்டில் ஒரு தகவல் எழுதும்போதெல்லாம் ஓரத்தில் வகுப்பு எண்ணும் பக்க எண்ணும் குறித்துவிடுங்கள். இது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

படி 3: ஊரில் கட்டிவைப்பது

இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருளை எடுங்கள். அதைப் பற்றி "ஏன்?", "அதற்கு முன்னால்?", "அப்புறம்?", "சட்டம் என்ன சொல்கிறது?" என்று நாலு கேள்வி கேளுங்கள். பதில்கள் சங்கிலி மாதிரி வரும்.

மேட்டூரையே எடுத்துக்கொள்வோம். 1924-இல் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் காவிரி ஒப்பந்தம் ஆனது. அதை அடுத்து 1925-இல் மேட்டூரில் வேலை ஆரம்பித்து 1934-இல் முடிந்தது. என் மண்டைக்குள் மிதந்த 1924 இதுதான். ஒப்பந்தத்தின் ஆண்டை அணையின் தலையில் கட்டியிருக்கிறேன். இப்படி வரிசையாகச் சொல்லிப் பார்த்த பிறகு அந்தத் தப்பு மறுபடி வரவே இல்லை. நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயர். ஸ்டான்லி அப்போதைய சென்னை கவர்னர். பொறியாளர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். தலைமைப் பொறியாளர் எல்லிஸ், அணையின் உபரி நீர் போகும் பகுதிக்கு அவர் பெயர் இருக்கிறது.

முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இதைச் சொன்னதும் ராத்திரி தறிக்குப் போய்விட்டுத் தூங்காமல் படிக்க வரும் தம்பி கேட்டான்:

"அக்கா, டிவியில தினமும் டிஎம்சி டிஎம்சிங்கறாங்களே, அது எவ்வளவு தண்ணிங்கக்கா?"

கணக்குப் போட்டோம். ஒரு டிஎம்சி என்றால் ஆயிரம் மில்லியன், அதாவது 100 கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. 100 கோடியை 86,400-ஆல் வகுத்தால் 11,574 வருகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்துவிட்டால் ஒரு டிஎம்சி காலி. நிரம்பிய அணையில் சொட்டு வரத்து இல்லாமல் வினாடிக்கு 10,000 கன அடி திறந்தால், கணக்குப்படி 108 நாள் தாங்கும். இப்போது பேப்பரில் "நீர்வரத்து 6,000 கன அடி" என்று பார்த்தால் அந்தத் தம்பிக்கு அது வெறும் எண் இல்லை. திறனறிவுக்கும் ஒரு பயிற்சி ஆயிற்று. டெல்டாவின் குறுவை நெல் சாகுபடிக்கு வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள் என்பதையும் இதோடு சேர்த்து எழுதிக்கொண்டான்.

"சட்டம் என்ன சொல்கிறது?" மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுக்கு அரசமைப்பின் 262-ஆவது உறுப்பு. அதன் கீழ் 1956-இல் நதிநீர்த் தகராறுச் சட்டம். தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆவது பதிவு, மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகள் மத்தியப் பட்டியலில் 56. 1990-இல் காவிரி நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நடுவர் மன்றம் மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்குத் தரச் சொன்னது 192 டிஎம்சி. உச்ச நீதிமன்றம் அதில் 14.75 குறைத்து 177.25 ஆக்கியது. இரண்டு எண்ணையும் விடைகளில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் நாம் தடுமாறுவோம், அதனால் கழித்தல் கணக்காகவே மனசில் வையுங்கள்.

ஒரு அணையில் வரலாறு, புவியியல், அரசமைப்பு, கணக்கு நாலும் வந்துவிட்டன பார்த்தீர்களா? இதே நாலும் தனித்தனிப் புத்தகத்தில் தனித்தனிப் பக்கத்தில் இருந்திருந்தால் நான் இன்னும் 1924 என்றுதான் ஷேட் பண்ணிக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது சங்கிலி எனக்கு இன்னும் பிடித்தது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். 1935 இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி கொடுத்தது. 1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்து ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் (இன்றைய முதலமைச்சர் மாதிரி) ஆனார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் அவர். மதுவிலக்கை முதலில் எங்கே கொண்டுவந்தார்? சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1-இல். கடை மூடினால் அரசுக்கு வருமானம் போகும், அதற்கு வழி வேண்டும். 1939-இல் பொது விற்பனை வரி வந்தது, நாட்டிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணத்தில்.

ஆக, அன்றைக்குச் சேலத்தில் கள்ளுக்கடையை மூடியதற்கும் இன்றைக்கு நம் பில்லில் இருக்கும் ஜிஎஸ்டிக்கும் ஒரு நூல் ஓடுகிறது. 101-ஆவது அரசமைப்புத் திருத்தம் 2016, அமலுக்கு வந்தது 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி மன்றம் உறுப்பு 279ஏ. வேடிக்கை என்னவென்றால் மனிதர் குடிக்கும் மது இன்றும் ஜிஎஸ்டிக்கு வெளியே. அது மாநிலத்தின் கையில். மதுவிலக்கைப் பற்றிப் பேசும் உறுப்பு 47, அது அரசு நெறிமுறைக் கோட்பாடுகளில் வருகிறது, அடிப்படை உரிமையில் இல்லை. அதே 1939-இல் போரை முன்னிட்டு காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. வரியும் விலகலும் ஒரே ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஏற்காடு பஸ். ஜன்னலோர இடம் பிடியுங்கள். ஊரை விட்டு வெளியே வந்து மலையடிவாரப் பக்கம் பார்த்தால் வெள்ளை வெளேரென்று தோண்டிப்போட்ட குன்றுகள் தெரியும். ஆங்கிலேயர்கள் "சாக் ஹில்ஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரில் ஏமாறாதீர்கள். சாக் என்றால் கால்சியம் கார்பனேட், இங்கே இருப்பது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். சூடு காட்டினால் கார்பன் டை ஆக்சைடு போய் மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். அது உருகாமல் சூட்டைத் தாங்கும் என்பதால் எஃகு உலைகளின் உள்சுவர்ச் செங்கல்லுக்குப் போகிறது. வேதியியல், கனிமவளம், தொழிற்சாலை மூன்றும் ஒரே குன்றில்.

பஸ் வளைவு ஏற ஆரம்பித்ததும் பாதையோரம் வெட்டிய பாறையைக் கவனியுங்கள். கருநீலமும் சாம்பலும் கலந்த, எண்ணெய் தடவிய மாதிரிப் பளபளப்பு. அதற்குப் பெயர் சார்னோக்கைட். சேர்வராயன் மலையே பெரும்பாலும் இந்தப் பாறைதான். பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கல்கத்தாவில் கம்பெனிக் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இதே வகைப் பாறை. அதைப் பார்த்து தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். ஏற்காட்டுப் பாறைக்கும் கல்கத்தாக் கல்லறைக்கும் முடிச்சு! இதே பாறை காலப்போக்கில் மழையிலும் வெயிலிலும் சிதைந்துதான் மலை உச்சியில் பாக்சைட் ஆனது. பாக்சைட் அலுமினியத்தின் தாது.

இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்ததும் காப்பித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அதன்மேல் ஏறிய மிளகுக் கொடி. இங்கே காப்பியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். இந்தியாவுக்கே முதலில் கொண்டுவந்தவர் பாபா புடான், அது 17-ஆம் நூற்றாண்டு, சிக்மகளூர்ப் பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேலே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. அந்த நிறுவனம் 1890-இல் தொடங்கியது, தலைமையிடம் கல்கத்தா.

ஏற்காட்டில் இன்னொன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். ஒன்று சேர்வராயன், மற்றது கொல்லிமலை. பட்டியல் சாதியினருக்கு 44. சட்டமன்ற ஒதுக்கீட்டுக்கு உறுப்பு 332, மக்களவைக்கு 330. ஏற்காடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் கிழக்குத் தொடர்ச்சி மலை. ஊட்டியோடு சேர்த்து மேற்குத் தொடர்ச்சி என்று எழுதும் ஆசாமிகள் சேலத்திலேயே உண்டு.

மற்றவற்றை நீங்களே கோத்துக்கொள்ளலாம், நூலின் முனையை மட்டும் தருகிறேன். உருக்காலை: துருப்பிடிக்காத எஃகு, செயில் நிறுவனம், நாணயத் தகடும் இங்கே செய்கிறார்கள், அங்கிருந்து நாணயச் சாலைகள் இருக்கும் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டாவுக்குப் போய்விடலாம். ஜவ்வரிசி: 2023-இல் புவிசார் குறியீடு, அங்கிருந்து 1999 சட்டம், சென்னையில் பதிவு அலுவலகம், நாட்டின் முதல் குறியீடான டார்ஜிலிங் தேநீர். சேலம் ஜங்ஷன்: 2007-இல் வந்த சேலம் கோட்டம், தெற்கு ரயில்வேயின் ஆறு கோட்டங்கள். சங்ககிரிக் கோட்டை: தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம், 1805. 1944 சேலம் மாநாடு: நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. சேலம் விஜயராகவாச்சாரியார்: 1920 நாக்பூர் காங்கிரஸ் தலைவர், ஒத்துழையாமை இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்த மாநாடு அது.

வருவாய் முறைகளை மட்டும் இப்படி விட்டுவிட மனசில்லை. 1792-இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சேலத்தையும் பாராமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) ஆங்கிலேயருக்குக் கொடுத்தார். அங்கே வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நேராக உழவரிடம் வரி வாங்கும் முறையைச் சோதித்தார்கள். அதுதான் ரயத்துவாரி. மன்றோ 1820-இல் சென்னை கவர்னர் ஆனதும் அது மாகாணம் முழுக்கப் பரவியது. திப்புவை அந்தப் போரில் தோற்கடித்த காரன்வாலிஸ்தான் அடுத்த வருஷமே, 1793-இல், வங்காளத்தில் ஜமீன்தார்களை வைத்து நிலையான நிலவரித் திட்டம் கொண்டுவந்தவர். ஒரே ஆள் கையெழுத்தில் இரண்டு கதை.

படி 4: "முதல்" என்ற சொல்லைப் பார்த்தால் நிற்பது

நான் காசு கட்டிச் சேர்ந்த ஒரு கோச்சிங் சென்டரின் நோட்ஸில் "முதல் கவர்னர் ஜெனரல் – ராஜாஜி" என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பி மனப்பாடம் செய்தேன். பிற்பாடு புத்தகத்தைத் திறந்து பார்த்தபோதுதான் தலை சுற்றியது. வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ். 1833 பட்டயச் சட்டத்தால் இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் ஆனவர் பெண்டிங். 1858-இல் முதல் வைஸ்ராய் கானிங். சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன். 1948 முதல் 1950 வரை இருந்த ராஜாஜி அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர், கடைசி ஆளும் அவரே. ஐந்து பேர், ஐந்து அடைமொழி. கேள்வி கேட்பவர் அடைமொழியில்தான் விளையாடுவார்.

ராஜாஜி பிறந்த மாவட்டம் எது என்பதும் இதே ரகம். அவர் பிறந்த தொரப்பள்ளி அன்றைக்குச் சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி பிரிந்தது, 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. "இன்றைய" என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் விடை மாறும்.

படி 5: நடப்பு நிகழ்வு

இதற்கு நாளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். ஒரு தமிழ்ப் பேப்பர், ஒரு நோட்டு. மந்திரி எங்கே ரிப்பன் வெட்டினார் என்பது வேண்டாம். புதுச் சட்டம், விருது, நியமனம், திட்டம், விளையாட்டு. ஒவ்வொன்றையும் சமச்சீர்ப் பாடத்தில் ஏதாவது ஒரு பக்கத்தோடு கோக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு வரியோடு விட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் பிடிஎஃப் இறக்கி அடுக்கி வைத்து, அதைத் திறக்கவே திறக்காத வியாதி எனக்கும் இருந்தது.

படி 6: திரும்பப் பார்ப்பது

படித்த அன்று ராத்திரி, மூன்றாம் நாள், பத்தாம் நாள், மாதக் கடைசி. ஆனால் நோட்டைப் புரட்டுவது ரிவிஷன் ஆகாது, கண்ணுக்குப் பழகிய எழுத்து எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் நடுவே "மேட்டூர்" என்று எழுதி, மற்றதை எல்லாம் நினைவிலிருந்து இழுத்துப் போடுங்கள். எங்கே நின்றுபோகிறதோ அதை மட்டும் போய்ப் பாருங்கள். நான் இதைப் புது பஸ் ஸ்டாண்டில் பஸ்சுக்கு நிற்கும்போது வாய்க்குள்ளேயே செய்வேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

படி 7: ஹாலில்

கறுப்பு பால்பாயிண்ட் பேனா இரண்டு. 200 கேள்விக்கு 180 நிமிடம். தமிழை முதலில் முடித்துவிட்டால் மனசு தைரியமாகும். பொது அறிவில் தெரிந்ததை முதல் சுற்றிலேயே ஷேட் பண்ணிக்கொண்டே போங்கள், கடைசியில் மொத்தமாக ஷேட் பண்ணலாம் என்று வைத்தால் கை நடுங்கும். பொருத்துக கேள்வியில் நாலையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடி பெரும்பாலும் இரண்டு விடையை அடித்துவிடும். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. விடை தெரியவில்லை என்பதற்கு "E" என்று ஐந்தாவது வட்டம் தந்திருக்கிறார்கள், ஆனால் பிடித்தம் இல்லாத தேர்வில் இரண்டு விடையை அடிக்க முடிந்த பிறகும் அதை ஷேட் பண்ணுவது வீண்.

தேர்வு முடிந்து சில நாளில் உத்தேச விடைக்குறிப்பு வரும். ஏதாவது விடை தப்பு என்று தெரிந்தால் ஆதாரத்தோடு ஆன்லைனில் முறையிடலாம், அதற்குக் கெடு உண்டு. எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நோட்டின் ஓரத்தில் வகுப்பும் பக்க எண்ணும் எழுதச் சொன்னது அன்றைக்காகத்தான்.